மோட்டார்க் காரும் அதன் உச்ச வேகமும்

விடுதியிலிருந்து வகுப்பிற்குச் சைக்கிளில் செல்லும் நண்பர்கள் ஒன்றை நன்கு அறிவார்கள். காற்று அசையாத காலையில் மெல்ல மிதித்தால் வண்டி தானே ஓடுவதுபோல் இருக்கும். நேரமாகிவிட்டதென்று சற்று வேகமாக மிதிக்கத் தொடங்கியதும், எங்கிருந்தோ ஒரு காற்று எதிரே வந்து மார்பில் மோதும். உண்மையில் அந்தக் காற்று எங்கிருந்தும் வரவில்லை. நாம்தான் அதன்மேல் போய் மோதுகிறோம். வேகத்தைக் கூட்டக் கூட்ட மூச்சு வாங்குகிறது. ஒரு கட்டத்திற்குப் பிறகு எவ்வளவு முயன்று மிதித்தாலும் வண்டி அதற்குமேல் விரைவதில்லை. அதுவே நம் சைக்கிளின் உச்ச வேகம்.

மணிக்கு 400 கி.மீ. ஓடக்கூடிய காரின் கதையும் இதுவே. அங்கே கால்களுக்குப் பதில் எஞ்சின். மற்றபடி போராட்டம் அதே காற்றோடுதான். ஆயினும், “பெரிய எஞ்சினை வைத்தால் வேகம் வந்துவிடும்” என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் பாதிதான் சரி. ஒரு காரின் உச்ச வேகத்தைத் தீர்மானிப்பவை எவை, அதை உயர்த்த வழிகள் யாவை, அவ்வழிகளுக்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பவற்றை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

இரு விசைகளின் சமநிலை

சமதளச் சாலையில் ஓடும் காரை முன்னே தள்ளுவது சக்கரங்களின் உந்துவிசை. பின்னே இழுப்பவை இரண்டு: ஒன்று காற்றுத் தடை, மற்றொன்று உருள் தடை. உந்துவிசை மிகுந்திருக்கும்வரை காரின் வேகம் கூடிக்கொண்டே போகும். வேகம் கூடும்போது தடையும் கூடும். இரண்டும் சமமாகும் இடத்தில் வேகம் கூடுவது நின்றுவிடும். கார் நின்றுவிடுவதில்லை, அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இச்சமநிலை ஏற்படும் வேகமே உச்ச வேகம்.

உருள் தடை என்பது டயர் தரையில் அழுந்தி மீளும்போது ஏற்படும் இழப்பு. இது பெரும்பாலும் காரின் எடையைப் பொறுத்தது. வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. காற்றுத் தடையோ அப்படியன்று. அது நான்கு காரணிகளின் பெருக்கம்:

காற்றுத் தடை = ½ × காற்றின் அடர்த்தி × முகப்புப் பரப்பு × தடைக் குணகம் × வேகத்தின் வர்க்கம்

முகப்புப் பரப்பு என்பது காரை நேர் எதிரே நின்று பார்த்தால் தெரியும் பரப்பு. தடைக் குணகம் என்பது காரின் வடிவம் காற்றை எவ்வளவு இணக்கமாக வழிவிடச் செய்கிறது என்பதைக் காட்டும் எண். இந்த எண் சிறியதாக இருக்குமளவு நல்லது.

வேகம் இரட்டித்தால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். ஆனால் எஞ்சினுக்குத் தேவைப்படும் திறன் நான்கு மடங்கோடு நிற்பதில்லை. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்தைப் பொறுத்து, அதாவது வேகத்தை மும்முறை பெருக்கிய அளவில், உயருகிறது. இரட்டை வேகத்திற்கு எட்டு மடங்கு திறன்! சைக்கிளில் நமக்கு மூச்சு வாங்கியதன் காரணம் இதுவே.

ஒரு கணக்கு

எண்களைக் கொண்டு பார்த்தால் செய்தி தெளிவாகும். 1,500 கிலோகிராம் எடையுள்ள ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொள்வோம். முகப்புப் பரப்பு 2 சதுர மீட்டர். தடைக் குணகம் 0.35. காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். உருள் தடை எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு என்று கொள்வோம். அது ஏறத்தாழ 220 நியூட்டன் ஆகும்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றை வெல்ல 9 கிலோவாட்டும் உருள் தடையை வெல்ல 6 கிலோவாட்டும் ஆக 15 கிலோவாட் போதும். இது சுமார் 20 குதிரைத்திறன். 200 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு 72, உருள் தடைக்கு 12, மொத்தம் 84 கிலோவாட். 300 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு 243, உருள் தடைக்கு 18, மொத்தம் 261 கிலோவாட். 400 கி.மீ. வேகத்திலோ காற்றுக்கு மட்டும் 576 கிலோவாட். உருள் தடைக்கு 25. மொத்தம் 601 கிலோவாட், அதாவது 800 குதிரைத்திறனுக்கும் மேல். இவை சக்கரத்தில் கிடைக்க வேண்டிய திறன். கியர்ப்பெட்டி முதலியவற்றில் இழக்கும் பங்கையும் சேர்த்து எஞ்சின் இன்னும் சற்று அதிகம் தர வேண்டும்.

இக்கணக்கிலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன.

முதலாவது: 300-லிருந்து 400-க்குச் செல்ல வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது; திறனோ 2.3 மடங்காக வேண்டியிருக்கிறது. எஞ்சினின் திறனை இரட்டித்தாலும் வேகம் நூற்றுக்கு 26 பங்குக்குமேல் கூடாது.

இரண்டாவது: எடையைக் குறைப்பதால் உச்ச வேகம் பெரிதும் உயராது. நம் காரிலிருந்து 300 கிலோவை எடுத்தெறிந்தாலும் 400 கி.மீ. வேகத்தில் மிச்சமாவது 5 கிலோவாட் மட்டுமே. வேகத்தில் கிடைக்கும் இலாபம் மணிக்கு ஒரு கி.மீ. அளவே. எடை குறைந்த கார் விரைவாக வேகம் பிடிக்கும், வளைவில் நன்றாகத் திரும்பும், சீக்கிரம் நிற்கும். இவையெல்லாம் உண்மை. ஆனால் உச்ச வேகம் வேறு பொருள். மாணவர் பந்தயக் கார் கட்டும் குழுக்களில் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு விவாதிப்பது உண்டு.

மூன்றாவது: தடைக் குணகத்தையோ முகப்புப் பரப்பையோ நூற்றுக்குப் பத்துக் குறைத்தால், எஞ்சின் திறனை நூற்றுக்குப் பத்துக்குமேல் கூட்டியதற்குச் சமமான பலன் கிடைக்கும். அதுவும் கூடுதல் பெட்ரோலோ கூடுதல் வெப்பமோ இல்லாமல் கிடைக்கும்.

திறனைக் கூட்டுவதா? தடையைக் குறைப்பதா?

இதற்கு உலகறிந்த இரண்டு கார்களே சான்று. 1998 மார்ச் 31 அன்று ஜெர்மனியிலுள்ள ஏரா-லேசியன் சோதனைத் தடத்தில் மெக்லாரன் எஃப் 1 என்னும் ஆங்கிலேயக் கார் மணிக்கு 386.4 கி.மீ. வேகத்தை எட்டியது. அதன் எஞ்சின் திறன் 627 மெட்ரிக் குதிரைத்திறன். 2005-இல் புகாட்டி வேரான் 1,001 குதிரைத்திறனோடு அதே தடத்தில் 407 கி.மீ. வேகத்தைக் கடந்தது.

திறன் 1.6 மடங்காயிற்று. நம் கன விதிப்படி வேகம் நூற்றுக்கு 17 பங்கு கூடி 450-ஐத் தொட்டிருக்க வேண்டும். கூடியதோ நூற்றுக்கு 5 பங்கு அளவே! மீதி எங்கே போயிற்று? காற்றில்தான். மெக்லாரனின் தடைக் குணகம் 0.32, வேரானுடையது, உடலைத் தாழ்த்தி இறக்கையை மடக்கிய நிலையிலும், 0.36 அளவு. முகப்புப் பரப்பும் வேரானுக்குப் பெரிது.

அவ்வளவு பெரிய நிறுவனத்தின் பொறியியலாளர்களுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். நன்றாகத் தெரியும். ஆனால் பெட்ரோல் எஞ்சின் தான் எரிக்கும் எரிபொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. ஆயிரம் குதிரைத்திறன் வேலை செய்தால், அதைப்போல் இரு மடங்கு வெப்பத்தைப் புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேற்ற வேண்டும். வேரானில் பத்து ரேடியேட்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் காற்று வேண்டும். அக்காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுவதும் ஒரு தடையே. இவ்வாறு கூட்டிய திறனில் ஒரு பகுதி, திறனைக் கூட்டியதற்கான வரியாகவே போய்விடுகிறது.

1938-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விந்தையான விடை கண்டார்கள். மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் ஒரு சாதனைக் காரைக் கட்டி, அதன் முகப்பிலிருந்த காற்று வாயில்களை மிகச் சிறியனவாக்கிவிட்டது. எஞ்சினைக் குளிர்விக்கப் பனிக்கட்டியும் நீரும் நிரம்பிய பெட்டி! சில நிமிட ஓட்டத்திற்கு அது போதும். உடல் முழுதும் மூடி மழமழப்பாக்கப்பட்ட அக்காரின் தடைக் குணகம் 0.16 அளவே. அவ்வாண்டு ஜனவரி 28 அன்று பிராங்க்பர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் இடையேயுள்ள நெடுஞ்சாலையில் ருடால்ப் கராச்சியோலா அதை மணிக்கு 432.7 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். எஞ்சின் திறன் 736 குதிரைத்திறன் மட்டுமே. பொதுச் சாலையில் எட்டப்பட்ட அவ்வேகத்தை 2017 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடாவில் ஸ்வீடன் நாட்டுக் கோனிக்செக் கார் ஒன்று 447 கி.மீ. அளவில் முறியடிக்கும்வரை, ஏறத்தாழ 80 ஆண்டுகள் எவரும் மிஞ்சவில்லை. வடிவத்தின் வலிமைக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ஆனால் அந்த நாளின் கதை அதோடு முடியவில்லை. அதைப் பின்னர்க் கூறுவோம்.

கியர் விகிதம்

திறன் போதுமானதாக இருந்தும் கார் வேகம் பிடிக்காமல் நிற்பதுண்டு. காரணம் கியர் விகிதம்.

எஞ்சின் தன் முழுத் திறனை ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் தரும். நம் கற்பனைக் காரின் சக்கர ஆரம் 35 சென்டிமீட்டர் என்றால், 400 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,030 முறை சுழலும். எஞ்சின் 7,000 சுழற்சியில் முழுத் திறன் தருவதாக இருந்தால், மொத்த விகிதம் 2.31 ஆக இருக்க வேண்டும். 2.8 என்று வைத்தால் எஞ்சின் 7,000 சுழற்சியை எட்டும்போது கார் 330 கி.மீ. வேகத்தில்தான் இருக்கும், திறன் மிச்சம் இருந்தும் பயனில்லை. 1.9 என்று வைத்தாலோ 400 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 5,760 சுழற்சிதான் சுழலும். அங்கே முழுத் திறன் கிடைக்காததால் கார் 400-ஐத் தொடவே தொடாது. ஆகவே உயர்ந்த கியரின் விகிதம், காற்று நிர்ணயிக்கும் உச்ச வேகமும் எஞ்சினின் முழுத் திறனும் ஒரே புள்ளியில் சந்திக்குமாறு அமைய வேண்டும்.

மெக்லாரன் எஃப் 1 இதற்கும் எடுத்துக்காட்டாகிறது. எஞ்சின் 7,500 சுழற்சியைத் தாண்டாமல் தடுக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. அந்நிலையில் காரின் வேகம் 372 கி.மீ. 1998 ஓட்டத்திற்காக அவ்வரம்பை 8,300-க்கு உயர்த்தினார்கள், வேகம் 386.4 ஆயிற்று. அவ்வேகத்தில் எஞ்சின் சுழற்சி எவ்வளவு என்று நாமே கணக்கிடலாம்: ஏறத்தாழ 7,800. புதிய வரம்பை அது எட்டவே இல்லை. முதலில் காரைத் தடுத்தது சுழற்சி வரம்பு. அதை நீக்கியதும் தடுத்தது காற்று. ஒரு தடையை அகற்றினால் அதன் பின்னால் மறைந்து நின்ற அடுத்த தடை முன்னே வரும். இத்துறையின் அடிப்படை உண்மை இதுவே.

டயர் தாங்குமா?

காற்றையும் கியரையும் வென்றபின் வந்து நிற்பது டயர். வேகமாகச் சுழலும் டயரின் ஒவ்வொரு துணுக்கும் வெளியே பறந்துவிடத் துடிக்கிறது. டயருக்குள் உள்ள இழைகளே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. நாம் எடுத்துக்கொண்ட சக்கரத்தில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு கிராம் இரப்பரை இழுக்கும் விசை ஏறத்தாழ 225 கிராம் எடைக்குச் சமம். 400 கி.மீ. வேகத்தில் அதே ஒரு கிராம் 3.6 கிலோகிராமாக இழுக்கும். இதோடு, டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் தரையில் நசுங்கி மீள்வதால் உள்ளே வெப்பம் மூண்டு இரப்பர் தளர்கிறது.

இதனால்தான் பல கார்களின் உச்ச வேகத்தை எஞ்சினோ காற்றோ தீர்மானிப்பதில்லை, டயரே தீர்மானிக்கிறது. 2010-இல் 1,200 குதிரைத்திறன் கொண்ட வேரான் சூப்பர் ஸ்போர்ட் 431 கி.மீ. வேகத்தை எட்டியது. ஆனால் வாங்குவோருக்கு அளித்த கார்களில் டயர்களைக் காக்கவேண்டி 415 கி.மீ.யோடு வேகம் கட்டுப்படுத்தப்பட்டது. 2019 ஆகஸ்டில் அதே நிறுவனத்தின் சிரான் வகைக் கார் ஒன்று, ஆண்டி வாலஸ் ஓட்ட, ஏரா-லேசியனில் 490.48 கி.மீ. வேகம் எட்டியது. 1,600 குதிரைத்திறனும், காற்று பிரியும் இடத்தைத் தள்ளிப்போட ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீட்டிய வாலும், நீட்டிய கியர் விகிதமும் மட்டும் அதைச் சாதிக்கவில்லை. அதன் டயர்கள் வலுவூட்டப்பட்டு, பூட்டுவதற்கு முன் ஒவ்வொன்றும் எக்ஸ்-கதிர் கொண்டு சோதிக்கப்பட்டன. எலும்பு முறிவைப் பார்ப்பதுபோல், உள்ளிருக்கும் இழைகளில் குறையேதும் உண்டா என்று பார்த்தார்கள்.

2025 செப்டம்பரில் யாங்வாங் என்னும் சீன நிறுவனத்தின் மின்கார், ஜெர்மனியின் பாப்பன்பர்க் தடத்தில் 496.22 கி.மீ. வேகம் எட்டியது. பெட்ரோல் போய் மின்சாரம் வந்தாலும் காற்றும் டயரும் மாறவில்லை என்பதை நினைவிற் கொள்க.

தரையில் நிற்றல்

காற்று காரைப் பின்னே இழுப்பதோடு நிற்பதில்லை. அதை மேலே தூக்கவும் முயல்கிறது. காரின் மேற்புறம் வளைந்தும் அடிப்புறம் தட்டையாகவும் இருப்பதால் அது விமான இறக்கையை ஒத்திருக்கிறது. தூக்கும் விசையும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே உயரும். 1999-இல் லே மான் பந்தயத்தில் மெர்சிடிஸ் கார்கள் அதிவேகத்தில் மூக்கு மேலெழும்பி வானில் சுழன்று விழுந்தன. ஓட்டியவர்கள் உயிர் தப்பினர்.

காரைத் தரையோடு அழுத்த இறக்கை வைக்கலாம். ஆனால் இறக்கை காற்றுத் தடையைக் கூட்டும். உச்ச வேகத்தைக் குறைக்கும். எனவே வேரானில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வழக்கமான நிலையில் இறக்கை எழுந்து நிற்கும். வேகம் 375 கி.மீ. வரைதான். அதற்குமேல் போக விரும்பினால் காரை நிறுத்தி, தனிச் சாவி ஒன்றைத் திருக வேண்டும். அப்போது உடல் தாழும், இறக்கை உள்வாங்கும், முன்புறக் காற்று வழிகள் மூடும். நேர்ச் சாலைக்கு மட்டுமே உரிய நிலை அது.

இனி 1938 ஜனவரி 28-க்குத் திரும்புவோம். கராச்சியோலா சாதனை நிகழ்த்திய அதே காலையில், அதே சாலையில், ஆட்டோ யூனியன் நிறுவனத்தின் காரில் அச்சாதனையை முறியடிக்கப் புறப்பட்டார் பெர்ன்ட் ரோஸ்மேயர். வயது 28. மரங்கள் விலகித் திறந்த வெளியாய் இருந்த ஓரிடத்தில் பக்கக் காற்று காரைத் தாக்கியது. கார் சாலையைவிட்டு விலகி நொறுங்கியது. ரோஸ்மேயர் மாண்டார். அந்தக் காருக்குத் திறன் குறையவில்லை, வடிவமும் மழமழப்பானதே. ஆனால் எதிர்க்காற்றுக்காகச் செதுக்கிய அகன்ற பக்கங்கள் பக்கக் காற்றுக்கு ஒரு பாய்போல் அமைந்துவிட்டன. உச்ச வேகக் கணக்கில் நாம் எழுதும் சமன்பாட்டில் பக்கக் காற்றுக்கு இடமில்லை. சாலையில் அதற்கு இடம் உண்டு.

காற்றும் களமும்

இன்னும் இரண்டு செய்திகள் உள. காற்றின் அடர்த்தி குறைந்தால் தடையும் குறையும். 10 பாகை வெப்பத்திலிருந்து 40 பாகைக்குச் சென்றால் அடர்த்தி ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துக் குறைகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,280 மீட்டர் உயரத்திலுள்ள அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியிலும் காற்று மெலிந்தே இருக்கிறது. ஆனால் மெலிந்த காற்றில் எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் கூடவே குறையும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்கிறது இயற்கை.

மற்றொன்று சாலையின் நீளம். உச்ச வேகத்தை நெருங்க நெருங்க மிஞ்சியிருக்கும் உந்துவிசை குறைவதால், கடைசிச் சில கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்க நெடுந்தூரம் வேண்டும். பிறகு நிறுத்தவும் தூரம் வேண்டும். ஏரா-லேசியன் தடத்தின் நேர்ப்பகுதி 8 கி.மீ.க்கும் நீளமானது. நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் 11.3 கி.மீ. நீளமுள்ள அதிவேகச் சோதனைத் தடம் 2021-இல் திறக்கப்பட்டது. சாதனையை இரு திசையிலும் ஓடிச் சராசரி காணும் வழக்கமும் இதனோடு தொடர்புடையது: ஒரு திசையில் உதவும் காற்றும் சரிவும் மறு திசையில் எதிர்க்கும் அல்லவா?

முடிவுரை

இவற்றைத் தொகுத்தால் உச்ச வேகத்தை உயர்த்த முயல்வோர் செல்ல வேண்டிய வரிசை கிடைக்கிறது. முதலில் கார் எதனால் நிற்கிறது என்று அளந்து அறிய வேண்டும். சுழற்சி வரம்பைத் தொட்டு நிற்கிறதா? கியர் விகிதத்தை மாற்றுக. முழுத் திறனில் நின்றும் வேகம் கூடவில்லையா? முதலில் வடிவத்தைத் திருத்துக. பிறகு திறனைக் கூட்டுக. கூட்டும் திறனுக்கேற்பக் குளிர்விக்கும் வழியையும் செய்க. இவற்றையெல்லாம் செய்யுமுன் டயர் எந்த வேகத்திற்கு உரியது என்று பார்த்துக்கொள்க. அதன் பக்கத்தில் பொறித்த எழுத்து அதைச் சொல்லும். இறுதியாக, கார் தரையில் உறுதியாக நிற்கிறதா என்று காற்றுச் சுரங்கத்திலும் மூடிய தடத்திலும் சோதிக்க வேண்டும். பொதுச் சாலை சோதனைக்கூடம் அன்று. அங்கே மாடும் மனிதரும் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள்.

நண்பர்களே, இன்று மாலை எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்க நேர்ந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். சற்றே குனிந்து பாருங்கள். முகப்புப் பரப்பு குறையும், மிதிப்பது எளிதாகும். கராச்சியோலாவின் காரைக் கட்டியவர்கள் கையாண்ட அதே விதியைத்தான் நீங்களும் அப்போது கையாளுகிறீர்கள்.